பேய்க் கதையைச் சொல்வது யார்?

கல்லூரி முதலாண்டில் எங்களுக்கு ஒரு நான்-டீட்டெயில் புத்தகம் இருந்தது. அதில் எட்கர் ஆலன் போ எழுதிய 'தி டெல்-டேல் ஹார்ட்' கதையும் உண்டு. காட்டிக்கொடுத்த இதயம் என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். கொன்றவன் எப்படிக் கொன்றான், பிணத்தை எங்கே ஒளித்தான், எப்படி மாட்டிக்கொண்டான் என்று நெட்டுருப் போட்டு எழுதி மதிப்பெண் வாங்கியதோடு சரி. பயமெல்லாம் வரவில்லை. பல வருஷம் கழித்து அதையே மறுபடி படித்தபோதுதான் முதல் வரியிலேயே ஒன்று இடறியது. "எனக்குப் பைத்தியம் என்று ஏன் சொல்கிறீர்கள்?" என்று அவன் நம்மைக் கேட்கிறான். நாம் இன்னும் வாயே திறக்கவில்லையே!

பழைய அமெரிக்கப் பேய்க் கதைகளை இன்று கையில் எடுப்பவர்கள் சொல்லும் குறை ஒன்று உண்டு: "இதில் பயப்பட என்ன இருக்கிறது?" நியாயமான குறைதான். தலையில்லாத குதிரைவீரனும் நடுக்காட்டுச் சாத்தானும் நம்மை இப்போது ஒன்றும் செய்வதில்லை. அதைவிடப் பெரிய பேய்களையெல்லாம் சினிமாவில் பாப்கார்ன் தின்றுகொண்டே பார்த்தாயிற்று. ஆனால் பேயிலிருந்து கண்ணை எடுத்து, கதையைச் சொல்லும் ஆளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அதே கதை வேறு கதையாகிவிடும். இப்படிப் படிக்க உதவும் கருத்துக்கு 'நம்பத்தகாத கதைசொல்லி' என்று பெயர்.

வேய்ன் பூத் என்ற அமெரிக்க விமர்சகர் 1961-இல் 'தி ரெட்டரிக் ஆஃப் ஃபிக்‌ஷன்' என்ற நூலில் வைத்த பெயர் இது. பெயர்தான் புதிது, சங்கதி பழையது. கதையில் 'நான்' என்று பேசுபவர் வேறு, அதை எழுதியவர் வேறு. எழுதியவருக்குத் தெரிந்த ஏதோ ஒன்று அந்த 'நான்' ஆசாமிக்குத் தெரியாது; அல்லது தெரிந்தும் மறைக்கிறார். "நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லலீங்க, சும்மா நின்னுக்கிட்டிருந்தேன், அவன்தான் கை வச்சான்" என்று தெருச் சண்டையைப் பற்றி ஒருவர் வந்து சொன்னால், தலையை ஆட்டிக்கொண்டே மனசுக்குள் பாதியைக் கழித்துவிட்டுத்தானே கேட்கிறோம்? கதை படிக்கும்போதும் அதே கழித்தல்தான். அவர் பொய் சொல்கிறார் என்றுகூட அர்த்தமில்லை. தன்னைத் தானே ஏமாற்றிக்கொண்டிருக்கலாம். எதிரில் இருப்பது கண்ணில் படாத ஆளாக இருக்கலாம். உண்மையைச் சொல்ல இடம் கொடுக்காத வீட்டில் இருக்கலாம்.

போவின் ஆள் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளும் ரகம். 1843 ஜனவரியில் பாஸ்டனின் 'தி பயனியர்' இதழில் வந்த கதை. கிழவர்மேல் தனக்குப் பகை இல்லை, அவர் பணத்தின்மேல் ஆசையும் இல்லை, அவருடைய ஒரு கண்தான் பிடிக்கவில்லை என்கிறான்: வெளிறிய நீலத்தில், படலம் படர்ந்த, கழுகுக் கண். தனக்குப் பைத்தியம் இல்லை என்று நிரூபிக்க அவன் நீட்டும் ஆதாரத்தைப் பாருங்கள். நள்ளிரவில் கிழவரின் அறைக் கதவைத் திறந்து தலையை மட்டும் உள்ளே நுழைக்க ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டானாம். பைத்தியக்காரனுக்கு இவ்வளவு நிதானம் வருமா என்று கேட்கிறான். இப்படி ஏழு இரவுகள். எட்டாவது இரவில் கொலை. நிதானத்தைப் பற்றி அவன் பெருமையடிக்க அடிக்க நமக்குத்தான் வயிற்றைப் பிசைகிறது.

அப்புறம் அந்த இதயத் துடிப்பு. பஞ்சில் பொதிந்த கைக்கடியாரத்தின் சத்தம் போல என்கிறான். (1843-இல் கடியாரம் கையில் கட்டுவதில்லை, சட்டைப்பையில் கிடக்கும்; பழக்கதோஷத்தில் கைக்கடியாரம் என்று எழுதிவிட்டேன்.) மூன்று போலீஸ்காரர்கள் வந்து உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கிறார்கள். பிணம் கிடக்கும் பலகைக்கு மேலேயே இவன் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறான். சத்தம் கூடிக்கொண்டே போகிறது. அவர்களுக்கோ கேட்டதாகத் தெரியவில்லை. செத்தவரின் நெஞ்சு துடிக்காது. அப்படியானால் யாருடைய நெஞ்சு? இவனுடையதேதான் என்பது பலருடைய யூகம். கதைக்குள்ளேயே இன்னொரு துப்பும் கிடக்கிறது: சுவருக்குள் இருக்கும் 'டெத்வாட்ச்' வண்டுகளின் சத்தத்தை இரவெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பேன் என்று அவன் போகிறபோக்கில் சொல்கிறான். மரத்தைத் தட்டித் தட்டி ஒலி எழுப்பும் ஒரு பூச்சி அது. அது தட்டினால் வீட்டில் சாவு விழும் என்று அந்தக் காலத்து ஆங்கிலேயர் நம்பினார்கள். எது சரி என்று போ சொல்லவே இல்லை. அவன் இதையெல்லாம் யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான் என்பதையும் சொல்லவில்லை. வக்கீலா, டாக்டரா, தூக்குக்கு முந்திய நாள் வந்த பாதிரியாரா? அந்த நாற்காலியில் நம்மை உட்காரவைத்துவிட்டார், அவ்வளவுதான்.

ஒரே அமர்வில், அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் படித்து முடிக்கக்கூடியதாக இருந்தால்தான் கதையின் பிடி நழுவாது என்று நத்தானியேல் ஹாதார்ன் என்ற அமெரிக்க எழுத்தாளரின் கதைகளுக்கு 1842-இல் எழுதிய மதிப்புரையில் போ சொன்னார். பஸ் பயணத்துக்குள் முடிக்கக் கதை தேடுபவர்கள் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். இந்தக் கதைக்கு இருபது நிமிஷம் போதும்.

வாஷிங்டன் இர்விங்கின் தலையில்லாக் குதிரைவீரன் கதையில் பயத்தைவிடக் கிண்டல்தான் ஜாஸ்தி. 1820-இல் வெளிவந்த 'தி லெஜண்ட் ஆஃப் ஸ்லீப்பி ஹாலோ' பற்றித்தான் சொல்கிறேன். ஹட்சன் ஆற்றங்கரையில் டச்சுக்காரர்கள் குடியேறிய ஒரு பள்ளத்தாக்கு. ஒல்லிப்பிச்சானாக ஒரு பள்ளிக்கூட வாத்தியார், இக்கபாட் கிரேன். பணக்கார விவசாயியின் பெண் கத்ரீனாமேல் அவருக்குக் கண். அவளைவிட அவள் அப்பாவின் பன்றி, வாத்து, பூசணிமேல் இன்னும் பெரிய கண். போட்டிக்கு பிராம் போன்ஸ் என்ற முரட்டு இளைஞன். ஒரு ராத்திரி வாத்தியாரைத் தலையில்லாதவன் குதிரையில் துரத்துகிறான், கையிலிருந்த தலையை வீசுகிறான். மறுநாள் பாலத்துக்குப் பக்கத்தில் வாத்தியாரின் தொப்பியும், அருகில் உடைந்த பூசணிக்காயும் கிடக்கின்றன. பூசணிக்காய்ப் பேச்சு வந்தாலே பிராம் விழுந்து விழுந்து சிரிக்கிறானாம். போதாதா? ஆனாலும் ஊர்க் கிழவிகள், பேய்தான் தூக்கிப்போனது என்பதில் உறுதியாக இருக்கிறார்கள். கடைசியில் கதையைச் சொன்னவரே, இதில் பாதியை நானே நம்பவில்லை என்று கைகழுவிவிடுகிறார்.

இன்று படிக்கும்போது எனக்கு இடறுவது வேறு இடம். விருந்து வீட்டில் வாத்தியார் ஆடும் ஆட்டத்தை ஜன்னலிலும் வாசலிலும் குவிந்து நின்று கறுப்பின வேலையாட்கள் பார்க்கிறார்கள். இர்விங் அவர்களை வெறும் வேடிக்கைச் சித்திரமாகத் தீட்டிவிட்டுக் கடந்துபோகிறார். நியூயார்க் மாநிலத்தில் அடிமைமுறை முழுசாக ஒழிந்தது 1827-இல். அதாவது, கதை நடக்கும் 1790-களில் மட்டுமல்ல, அது அச்சான வருஷத்திலும் அங்கே அடிமைகள் இருந்தார்கள். ஜன்னல் வழியே பார்த்த அந்தக் கண்களில் ஒன்று கதையைச் சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்ற எண்ணம் வந்த பிறகு, பூசணிக்காய் ஜோக்குக்குப் பழைய மாதிரி சிரிக்க முடியவில்லை.

நத்தானியேல் ஹாதார்னிடம் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. 'யங் குட்மேன் பிரவுன்' (1835) கதையில் ஓர் இளைஞன் ராத்திரியில் காட்டுக்குப் போகிறான். ஊரின் பக்திமான்களெல்லாம் அங்கே சாத்தான் கூட்டத்தில் நிற்பதைப் பார்க்கிறான், அல்லது பார்த்ததாகக் கனவு காண்கிறான். இரண்டில் எது என்று ஹாதார்ன் பிடிகொடுக்கவில்லை. அருமையான கதைதான். ஆனால் காட்டுக்கு வரும் சூனியக்காரிகளுக்கு அவர் வைத்த பெயர்கள் க்ளாய்ஸ், கோரி, மார்த்தா கேரியர். 1692-இல் அமெரிக்காவின் சேலம் ஊரில் சூனியம் வைத்ததாகப் பொய்க் குற்றம் சாட்டப்பட்ட நிஜப் பெண்களின் பெயர்கள் இவை. அந்த வழக்குகளில் 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். மார்த்தா கோரியும் மார்த்தா கேரியரும் அதில் அடக்கம். அவர்களை விசாரித்தவர்களில் ஒருவர் ஜான் ஹாதார்ன், எழுத்தாளரின் பாட்டனுக்குப் பாட்டன். அந்த அவமானம் உறுத்தித்தான் எழுத்தாளர் தன் குடும்பப் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்தைச் சேர்த்துக்கொண்டார் என்று சொல்வார்கள். உறுத்தல் இருந்தது சரி. கதையில் அந்தப் பெண்களை மறுபடியும் சூனியக்காரிகளாகவே நிறுத்தினாரே! பிரவுனின் கண் வழியாகத்தான் பார்க்கிறோம், அவன் பார்வையை நம்ப வேண்டியதில்லை என்று அவருக்காக வாதாடலாம். வாதாடிப் பார்த்தேன். முழுசாகச் சமாதானம் ஆகவில்லை.

சரி, இப்போது சார்லட் பெர்கின்ஸ் கில்மனின் 'தி யெல்லோ வால்பேப்பர்' கதைக்கு வருவோம். மஞ்சள் சுவர்க் காகிதம். 1892 ஜனவரியில் 'நியூ இங்கிலாந்து மேகஸின்' வெளியிட்டது. அதற்கு முன் 'அட்லாண்டிக்' இதழின் ஆசிரியர், இதைப் படித்து நான் பட்ட வேதனையை மற்றவர்களுக்கும் கொடுத்தால் என்னை மன்னித்துக்கொள்ள மாட்டேன் என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். அவருக்குப் புரிந்திருக்கிறது!

பிள்ளை பெற்று அதிக நாள் ஆகாத ஒரு பெண். நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி, டாக்டரான கணவன் ஜான் அவளைக் கோடைக்கு ஒரு பழைய பங்களாவுக்குக் கூட்டிவருகிறான். ஓய்வுதான் மருந்து, எழுதக்கூடாது. அவள் திருட்டுத்தனமாக எழுதும் குறிப்புகள்தான் கதை. "ஜான் வருகிறார், இதை எடுத்து ஒளித்துவைக்க வேண்டும்" என்று ஓர் இடத்தில் குறிப்பே பாதியில் நிற்கிறது.

மாடி அறையை அவள் விவரிப்பதை மெதுவாகப் படியுங்கள். ஜன்னல்களில் கம்பி, சுவரில் இரும்பு வளையங்கள்: முன்பு குழந்தைகளின் அறையாகவும் அப்புறம் உடற்பயிற்சி அறையாகவும் இருந்திருக்கும் என்று அவளே காரணம் சொல்லிக்கொள்கிறாள். கட்டிலைத் தரையோடு ஆணியடித்திருக்கிறது. சுவர்க் காகிதம் கட்டிலின் தலைமாட்டைச் சுற்றிக் கிழிந்திருக்கிறது, "என் கை எட்டும் தூரம்வரை." முதல் தடவை படிக்கும்போது இந்த வரி சும்மா ஓர் அளவு மாதிரித் தெரியும். போகப்போக, சுவரின் அடியில் அறையைச் சுற்றி ஓடும் ஒரு தேய்ந்த கோட்டை அவள் கவனிக்கிறாள். யார் இப்படித் தேய்த்தார்களோ என்று வியக்கிறாள். கட்டில் மரம் கடிபட்டிருக்கிறது என்கிறாள். கணவனின் தங்கை, இவளுடைய துணியெல்லாம் மஞ்சள் கறை என்கிறாள். கடைசிப் பக்கத்தில் இவள் தரையில் ஊர்ந்துகொண்டே, அந்தக் கோட்டில் தன் தோள் கச்சிதமாகப் பொருந்துகிறது என்று சந்தோஷப்படும்போது நமக்குத் தூக்கிவாரிப்போடும். உடனே முதல் பக்கத்துக்குத் திரும்பத் தோன்றும். கிழித்தது யார்? கடித்தது யார்? அவளுக்கு முன்னால் அங்கே ஒருத்தி அடைபட்டிருந்தாளா, இல்லை எல்லாமே இவள் செய்ததுதானா? இரண்டு பதிலுக்கும் கதையில் இடம் இருக்கிறது.

இங்கே நம்பத்தகாதவள் என்று அவளை மட்டும் சொல்லிவிட முடியாது. காகிதத்துக்குப் பின்னால் ஒரு பெண் அடைபட்டிருக்கிறாள் என்று அவள் பார்ப்பது பிரமை. "உனக்கு ஒன்றும் இல்லை, தேறிக்கொண்டு வருகிறாய்" என்று கணவன் சொல்வதோ மருத்துவம் படித்தவரின் வாக்கு. இரண்டில் எது உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது? 1892-இல் பலர் இதை ரத்தம் உறையவைக்கும் பயங்கரக் கதையாகப் படித்தார்கள். 1973-இல் ஃபெமினிஸ்ட் பிரஸ் தனிப் புத்தகமாக மறுபதிப்புச் செய்த பிறகு, சுவர்க் காகிதத்திலிருந்து வாசகர்களின் பார்வை அந்த அன்பான கணவன் பக்கம் திரும்பியது. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு என்ற பெயர் இன்று நமக்குத் தெரியும்; அவளுக்கு யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை.

கில்மன் இதைக் கற்பனையில் மட்டும் எழுதவில்லை. 1887-இல் ஃபிலடெல்ஃபியாவின் பிரபல நரம்பு மருத்துவர் வெயர் மிச்செலிடம் 'ஓய்வு சிகிச்சை' எடுத்துக்கொண்டவர். முடிந்தவரை வீட்டுப் பெண்ணாக இரு, நாளைக்கு இரண்டு மணி நேரம் மட்டும் மூளைக்கு வேலை கொடு, உயிரோடு இருக்கும்வரை பேனா, பிரஷ், பென்சிலைத் தொடாதே என்று சொல்லி அனுப்பினாராம். அப்படியே நடந்து, புத்தி பேதலிக்கும் விளிம்புவரை போய்த் திரும்பியதாக 1913-இல் கில்மன் எழுதினார். இதே கில்மன் குடியேறிகளைப் பற்றியும் கறுப்பினத்தவரைப் பற்றியும் எழுதியவற்றைப் படித்தால் முகம் சுளிக்கும். கதைசொல்லியை மட்டுமல்ல, எழுத்தாளரையும் சில இடங்களில் பாதி கழித்துத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு ஒரு யோசனை. முதல் தடவை சும்மா கதைக்காகப் படியுங்கள். இரண்டாம் தடவை, சொல்பவர் எந்த இடத்தில் அவசரமாக நழுவுகிறார், எதைத் தேவையில்லாமல் இரண்டு முறை சொல்கிறார் என்று பாருங்கள். பக்கத்தில் நிற்பவர்களில் யாருக்கு வாயே கொடுக்கவில்லை என்றும் பாருங்கள். அதற்காக எல்லாக் கதைசொல்லியையும் சந்தேகப்பட்டால் படிக்கும் சுகம் போய்விடும். ஷெர்லி ஜாக்சனின் 'தி லாட்டரி' (1948) கதையைச் சொல்லும் குரல் எதையும் திரிப்பதில்லை. ஊர்ச் சீட்டுக் குலுக்கலைச் சந்தை நிலவரம் மாதிரி அமைதியாகச் சொல்கிறது. அந்த அமைதிதான் அதன் குரூரம். அது வெளியான கோடையில் முந்நூறுக்கு மேல் கடிதங்கள் வந்ததாகவும், பரிவோடு பேசியவை பதின்மூன்றுதான் என்றும் ஜாக்சன் பின்னால் சொன்னார். ஜாக்சன் தவிர நான் சொல்லும் மற்றவர்களின் கதைகள் எல்லாம் காப்புரிமை தீர்ந்தவை. ப்ராஜெக்ட் குட்டன்பெர்க் தளத்தில் இலவசம். இன்று யாரும் எழுதக் கூசும் சொற்கள் அந்தப் பக்கங்களில் அப்படியே இருக்கும், தயாராக இருங்கள்.

கடைசியாக வைத்திருப்பது எனக்கு ரொம்பப் பிடித்த கதை. சார்லஸ் செஸ்நட் எழுதிய 'போ சாண்டி'. தலைப்பில் உள்ள 'போ', எட்கர் ஆலன் போ அல்ல. 'பாவம்' என்ற பொருள்படும் 'புவர்' தெற்கத்தி வாயில் அப்படித் தேய்ந்துவிடும். 1888 மே மாதம் 'அட்லாண்டிக்' இதழில் வந்தது, பிறகு 1899-இல் 'தி கான்ஜர் வுமன்' தொகுப்பில் சேர்ந்தது. செஸ்நட் கறுப்பின வம்சாவளியைச் சேர்ந்தவர். வட கரோலினாவில் வளர்ந்தவர். கதையில் பாதி பேச்சுவழக்கில் இருப்பதால் கண்ணால் படித்தால் ஓடாது. வாய்விட்டுப் படித்தால் ஓடும்.

அடிமைமுறை ஒழிந்த பிறகு நடக்கிறது கதை. வடக்கிலிருந்து வட கரோலினாவுக்கு வந்து திராட்சைத் தோட்டம் வாங்கிய ஜான், அவன் மனைவி ஆனி. (கணவன்மார்களுக்கெல்லாம் ஜான் என்றே பெயர் வைத்தார்கள் போல.) வண்டி ஓட்டுவது ஜூலியஸ் என்ற வயதான கறுப்பினத்தவர், முன்னாள் அடிமை. எல்லோரும் அவரை அங்கிள் ஜூலியஸ் என்கிறார்கள். நம் காதுக்கு அது உறவும் மரியாதையுமாகக் கேட்கும். அங்கே கதை வேறு: வயதான கறுப்பினத்தவருக்கு 'மிஸ்டர்' போட மனம் வராத வெள்ளைக்காரர்கள் கைவசம் வைத்திருந்த சொல் அது.

ஆனிக்குப் புதுச் சமையலறை வேண்டும். தோட்டத்தில் பாழடைந்து கிடக்கும் பழைய பள்ளிக்கூடத்தைப் பிரித்து அதன் மரத்தைப் பயன்படுத்தலாம் என்பது ஜானின் கணக்கு. குறையும் பலகைக்காக மூவரும் மர அறுவை மில்லுக்குப் போகிறார்கள். ரம்பம் மரத்துக்குள் இறங்கும் சத்தத்தில் ஜூலியஸுக்கு ரத்தம் உறைகிறது. ஏன் என்று கேட்கிறார்கள், சொல்கிறார்.

அடிமைமுறை இருந்த காலத்தில் சாண்டி என்று ஓர் அடிமை, நல்ல வேலைக்காரன். அதுதான் அவனுக்கு வினை. எஜமானின் பிள்ளைகள் எல்லோரும் அவனைக் கேட்க, மாதத்துக்கு ஒரு வீடாக அவனை இரவல் கொடுக்கிறார்கள். ஒரு தடவை இரவல் போய்த் திரும்பினால், அவன் மனைவியை ஒரு வியாபாரியிடம் கொடுத்துவிட்டு வேறொரு பெண்ணை மாற்றி வாங்கியிருக்கிறார் எஜமான். ரொம்ப வருத்தமாக இருக்கிறது என்று சாண்டி கையில் ஒரு டாலர் கொடுக்கிறார். மாற்றி வந்தவள் பெயர் டெனி. காலப்போக்கில் சாண்டியும் டெனியும் ஒருவர்மேல் ஒருவர் உயிராகிவிடுகிறார்கள். மறுபடி இரவல் உத்தரவு வருகிறது. "மரமாகவோ கல்லாகவோ இருந்தாலாவது ஒரே இடத்தில் கிடப்பேன்" என்கிறான் சாண்டி. டெனிக்கு மந்திரம் தெரியும். அவனை மரமாக்குகிறாள்.

ராத்திரியில் அவனை மனிதனாக்கிப் பேசிக்கொண்டிருப்பாள், விடிவதற்குள் மரம். மரங்கொத்தி கொத்திய இடம் அவன் கையில் தழும்பாகிறது. பிசின் எடுக்க வெட்டிய இடம் காலில் காயமாகிறது. இரண்டு பேரும் நரியாக மாறி ஓடிவிடலாம் என்று திட்டம் போடுகிறார்கள். அதற்குள் எஜமானின் மருமகளுக்கு உடம்பு சரியில்லை என்று டெனியை இரவல் அனுப்பிவிடுகிறார்கள். அவள் திரும்பி வரும்போது மரத்தின் இடத்தில் வெட்டிய அடிமரம்தான் நிற்கிறது. மில்லுக்கு ஓடுகிறாள். அவளைப் பிடித்துக் கம்பத்தில் கட்டிப்போட்டுவிட்டு, அவள் கண்ணெதிரே மரத்தை அறுக்கிறார்கள். அந்தப் பலகையில் கட்டிய சமையலறை ராத்திரியெல்லாம் முனகுகிறது. பிரித்துப் பள்ளிக்கூடம் கட்டுகிறார்கள். ஒருநாள் காலையில் அதன் தரையில் டெனி செத்துக் கிடக்கிறாள்.

"இப்படியெல்லாம் நடக்க இடம் கொடுத்த அந்த முறை எப்பேர்ப்பட்டது!" என்கிறாள் ஆனி.

"எப்படியெல்லாம்? மனுஷன் மரமாவதை நீ நிஜமாகவே நம்புகிறாயா?" என்று ஆச்சரியப்படுகிறான் ஜான்.

"அதில்லை" என்கிறாள். எதை என்று விளக்கவில்லை.

இங்கே கதையை நமக்குச் சொல்வது ஜான்தான், ஜூலியஸ் அல்ல. நல்ல மனிதன், ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறான். காதில் விழுந்தது மட்டும் உள்ளே இறங்கவில்லை. மரம், மந்திரம், முனகல் என்று நம்ப முடியாதவற்றையெல்லாம் வரிசையாகப் பிடித்துக்கொள்கிறான். நம்பித்தான் ஆக வேண்டிய அந்த ஒரு டாலர் அவன் கண்ணில் படவே இல்லை.

பள்ளிக்கூட மரம் வேண்டாம், எல்லாமே புது மரமாக வாங்கிவிடலாம் என்று ஆனி சொல்லிவிடுகிறாள். சில நாள் கழித்து ஒரு செய்தி வருகிறது. ஜூலியஸின் தேவாலயத்தில் ஒரு கூட்டம் பிரிந்து வந்திருக்கிறது, கூடிக்கொள்ள அந்தப் பழைய பள்ளிக்கூடத்தைக் கேட்கிறார்கள். கிழவர் கதை விட்டதே இதற்குத்தான் என்று ஜான் முடிவுகட்டுகிறான். அது பாதி நிஜமாகவும் இருக்கலாம். அப்படியானால் பேயை என்ன செய்யப்போகிறார்களாம் என்று மனைவியைக் கேட்கிறான். ஜூலியஸ் சொன்னதை ஆனி அப்படியே ஒப்பிக்கிறாள்: பேய்கள் ஆராதனைக்கு இடைஞ்சல் செய்யாதாம், சாண்டியின் ஆவி தப்பித்தவறி உள்ளே வந்துவிட்டாலும் பிரசங்கம் கேட்பது அதற்கு நல்லதுதானாம். இதைச் சொல்லும்போது அவள் சிரித்தாளா என்று ஜான் எழுதவில்லை.